பழைய விமானத்தை எப்போது மாற்றுவது? யார் செலவில் மாற்றுவது?

(நெல்லித்தோப்பில் நடைபெற்ற மாலை வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்பில் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், வாசலிலேயே ஒரு தோழர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "மார்க்கெட்டில் காய்கறி விலை ஏறுகிறது, பையனுக்கு வேலை இல்லை, பஸ்ஸுக்கே அரைமணி நேரம் வெயிலில் நிற்கிறோம். நமக்கு எதற்கு ஐயா விமானம்?" கேள்வி நியாயமானது. பதில் சொல்லாமல் மேலே போவது முறையாகாது.

ஏர் இந்தியாவை மத்திய சர்க்கார் டாட்டா கம்பெனியிடம் 2022 ஜனவரி 27ந் தேதி ஒப்படைத்தது. விற்பதற்கு முன்பு, 2021 ஆகஸ்டு முடிவில், அந்த ஸ்தாபனத்தின் தலைமீது இருந்த கடன் ரூ.61,562 கோடி. வாங்கியவர்கள் ஏற்றுக்கொண்ட கடன் ரூ.15,300 கோடி, ரொக்கமாகக் கொடுத்தது ரூ.2,700 கோடி. மீதிக் கடன் ரூ.46,262 கோடி சர்க்காரின் தலையில், அதாவது நம் தலையில், நின்றது. சுமார் ரூ.14,700 கோடி பெறுமான நிலமும் கட்டிடங்களும் சர்க்கார் வசமே இருந்தன. அவற்றைக் கழித்தே கணக்குப் பார்ப்போம். அப்போதும் ரூ.31,500 கோடிக்கு மேல் நிற்கிறது. 140 கோடி ஜனங்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ரூ.225. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். விமானத்தில் ஏறியே அறியாத பாட்டிக்கும், பிறந்த குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. கடைக்காரனுக்கு ஐம்பது ரூபாய் பாக்கி இருந்தாலும் எதற்காக ஏற்பட்டது என்று கேட்கிறவர்கள் நாம். இந்தப் பாக்கி எப்படி ஏற்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

அந்தக் கடனின் வேர்களில் முக்கியமான ஒன்று, பழைய விமானங்களை மாற்றிப் புதியவை வாங்கிய முறை. ஆகவேதான் இந்தப் பேச்சு.

விமானத்தின் வயது

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். சென்னையிலிருந்து டில்லிக்கோ பம்பாய்க்கோ போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவது, நடுவே ஒரே நடைபாதையும் இரு பக்கமும் மும்மூன்று ஆசனங்களும் உள்ள ஜெட் விமானம். அமெரிக்காவின் போயிங் 737ம் ஐரோப்பாவின் ஏர்பஸ் ஏ320ம் இந்த வகை. உள்நாட்டுப் போக்குவரத்தின் பாரத்தைச் சுமக்கும் வண்டி மாடுகள் இவைதாம்.

இந்த விமானத்தின் வயதை வருஷத்தால் மட்டும் கணக்கிடுவதில்லை. எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதே முக்கியம். மேலே போகும்போது உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். இறங்கும்போது அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் பலூனைப் போல் சற்றே உப்பி, சற்றே வடிகிறது. கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்தால் ஒடிந்து போகிறதல்லவா? அதே கதைதான். உலோகம் களைத்துப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது, கீறல் வளருகிறது.

இதை உலகம் உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றது. 1954ல் பிரிட்டனின் கோமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில், வானத்திலேயே உடைந்து இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தன. கோமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகே காரணம் வெளிப்பட்டது. 1988 ஏப்ரல் 28ந் தேதி, ஹவாய்த் தீவுகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்த 19 வயதுள்ள போயிங் 737-200 விமானம் ஒன்றின் மேற்கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரு பணிப்பெண் தூக்கி எறியப்பட்டு மாண்டார். குறுகிய தூரம், அடிக்கடி ஏற்றம், அடிக்கடி இறக்கம். போதாததற்கு உப்புக் காற்று. அந்த விமானம் அதற்குள் 89,680 தடவை பறந்திருந்தது!

நமது தேசத்திலும் அனுபவம் உண்டு. 1976 அக்டோபர் 12ந் தேதி, பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தின் யந்திரத்துக்குள் சுழலும் தட்டு ஒன்று, உலோகக் களைப்பினால் உடைந்து சிதறியது. தீப்பிடித்தது. திரும்பி இறங்க முயன்ற விமானம் ஓடுபாதைக்கு அருகே விழுந்து 95 பேர் மாண்டனர். அந்தக் காரவெல் பிரெஞ்சு தேசத்துத் துலூஸ் நகரில் கட்டப்பட்ட வகை. புதுச்சேரிக்காரர்களுக்குத் துலூஸ் என்ற பெயர் புதிதல்ல. இன்றைய ஏர்பஸ் விமானங்களின் தலைமையிடமும் அதுவே.

பழையது என்றாலே ஆபத்தா?

இவ்வளவும் சொன்னதால், பழைய விமானம் என்றாலே சவப்பெட்டி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது உண்மையல்ல. உண்மையல்லாததை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது நமது வேலையல்ல.

2000 ஜூலை 17ந் தேதி பாட்னாவில் அலையன்ஸ் ஏர் விமானம் வீடுகளின் மீது விழுந்தது. விமானத்தில் 55 பேரும் தரையில் 5 பேரும் ஆக 60 பேர் உயிரிழந்தனர். அது இருபது வயதுள்ள போயிங் 737-200. கிழட்டு விமானத்தை ஓட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று தேசமே கொதித்தது. ஆனால் விசாரணை வேறு விதமாகச் சொல்லிற்று: விமானிகள் இறங்கிய முறையில் தவறு நேர்ந்தது என்பதே அதன் முடிவு. இதற்கு நேர் மாறாக, 1990 பிப்ரவரி 14ந் தேதி பெங்களூரில் விழுந்து 92 பேரைப் பலிகொண்ட ஏ320, வாங்கிச் சில மாதங்களே ஆன புத்தம் புதிய விமானம். 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து மொத்தம் 346 பேரைக் கொன்ற போயிங் 737 மாக்ஸ் விமானங்களும் புதியவையே. 1960களில் வரைந்த பழைய உருவத்திலேயே பெரிய யந்திரத்தைப் பொருத்தினார்கள். அதனால் ஏற்பட்ட கோளாறை ஈடுகட்டத் தானாக மூக்கைக் கீழே தள்ளும் ஓர் ஏற்பாட்டை உள்ளே வைத்தார்கள். அதைப் பற்றி விமானிகளுக்கு ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. போட்டிக் கம்பெனியை முந்த வேண்டும் என்ற அவசரமே இதற்கெல்லாம் காரணம்.

ஆகவே பாதுகாப்பு என்பது வயதில் மட்டும் இல்லை. அக்கு அக்காகக் கழற்றிப் பார்க்கும் தொழிலாளியின் கையிலும், "இது பறக்கக் கூடாது" என்று எழுத அவருக்குள்ள உரிமையிலும், விமானிக்குக் கிடைக்கும் பயிற்சியிலும் ஓய்விலும்தான் இருக்கிறது.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? செலவுக்காக. வயது ஏற ஏறக் கொட்டகையில் நிற்கும் நாள் கூடுகிறது. பறக்கும் நாள் குறைகிறது. பாகம் கிடைப்பதில்லை; கிடைத்தால் யானை விலை. எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய். நம் தேசத்தில் விமானக் கம்பெனியின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்க்கே போகிறது. புதிய வகை ஏ320, பழைய ஏ320ஐவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவாகக் குடிக்கிறது. பழையதை ஓட்டுகிறவன் டிக்கெட் விற்ற காசை எண்ணெய்க்காரனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பான்.

திட்டம் என்றால் என்ன?

நெல்லித்தோப்பில் உட்கார்ந்துகொண்டு இதை விளங்கிக்கொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். கடலூர் சாலைக்குப் போனால் போதும். 1898ல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆலை, அங்கே நிற்கிறது. நமது குடும்பங்களில் தாத்தாவோ அப்பாவோ மாமாவோ அந்தச் சங்குச் சத்தத்துக்கு எழுந்தவர்கள். யந்திரங்கள் கிழடாயின. நவீனப்படுத்துவோம் என்று ஒவ்வொரு மந்திரிசபையும் சொல்லிற்று, சொன்னதோடு சரி. 2011 டிசம்பரில் தானே புயலும் வந்து அடித்தது. 2020 ஏப்ரல் 30ந் தேதி ஆலையை மூடினார்கள். அப்போது "ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது" என்றார்கள். எத்தனையோ வருஷங்களாகப் புதிய யந்திரத்துக்கென்று பணத்தை எடுத்து வைக்காதவர்கள், கடைசி நாளில் நஷ்டக் கணக்கை மட்டும் தொழிலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

விமான ஸ்தாபனத்திலும் அதே சட்டம்தான். பத்து வருஷத்துக்குப் பிறகு எத்தனை பேர் பயணம் செய்வார்கள், எந்த ஊருக்கு, அந்த ஊர் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்றெல்லாம் முன்கூட்டியே எண்ண வேண்டும். இன்று ஆர்டர் கொடுத்தால் விமானம் நாளைக்கு வராது. வரிசையில் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போயிங் ஓட்டுகிற விமானி மறுநாளே ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. தனிப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பாகக் கிடங்கு, தனிக் கருவி, தனியாகப் பழகிய தொழிலாளிகள் தேவை. ஆகவே விமானங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, வருஷத்துக்கு இத்தனை என்று மாற்றிக்கொண்டே வர வேண்டும். அதற்கான தேய்மானப் பணத்தை லாபம் வரும் நாளில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதைச் செய்தவன் பிழைப்பான். செய்யாதவன் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், கடனுக்கு, மற்றவன் சொன்ன விலைக்கு வாங்குவான்.

இந்தியன் ஏர்லைன்ஸின் கதை

1953 ஆகஸ்டு முதல் தேதி, எட்டுக் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாயிற்று. அதற்குச் சீதனமாக வந்தவை பெரும்பாலும் யுத்த காலத்து டக்கோட்டாக்கள். 74 டக்கோட்டாக்கள் இருந்தன. தனியார் கம்பெனிகள் யுத்தம் முடிந்ததும் மலிவாகக் கிடைத்ததை வாங்கி ஓட்டிவிட்டு, நொடித்துப் போகிற சமயத்தில் சர்க்காரிடம் ஒப்படைத்தார்கள்.

பொதுத்துறை அந்தப் பழைய சரக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1957ல் வைக்கவுண்ட், 1961ல் ஃபாக்கர், 1964ல் காரவெல் ஜெட், 1970களின் தொடக்கத்தில் போயிங் 737, 1976ல் பெரிய ஏர்பஸ் ஏ300 என்று படிப்படியாக மாற்றிற்று. கான்பூரில் நமது தொழிலாளர்களே சேர்த்துக் கட்டிய ஆவ்ரோ விமானங்களும் இந்தியன் ஏர்லைன்ஸில் ஓடின. ஒரு ஏழைத் தேசம் தன் கையாலேயே பயணிகள் விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டது என்பது சாமானிய விஷயமல்ல.

1986ல் 31 ஏ320 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் போயிங் 757ஐத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பிறகு ஏர்பஸ்ஸுக்கு மாறினார்கள். ஏன் மாறினார்கள் என்பது பற்றிப் புகார் எழுந்து, 1990ல் சி.பி.ஐ. வழக்கும் பதிவாயிற்று. அந்தச் சர்ச்சை ஒரு புறம் இருக்கட்டும். அந்த விமானங்களில் ஒரு விசேஷம் உண்டு. உலகத்தில் மற்ற ஏ320களுக்கு ஒவ்வொரு பெரிய காலிலும் இரண்டு சக்கரம். இந்தியன் ஏர்லைன்ஸ் கேட்டு வாங்கியவற்றில் நான்கு சக்கரம். ஏனென்றால் நமது சிறிய ஊர்களின் ஓடுபாதைகள் அவ்வளவு பலமானவை அல்ல. பாரத்தைப் பரப்பி இறக்க வேண்டியிருந்தது. டில்லியும் பம்பாயும் போதும் என்று நினைத்திருந்தால் இந்தச் செலவு தேவையில்லை. சிறிய ஊர்க்காரனையும் மனதில் வைத்துத் திட்டமிட்டால் அது விமானத்தின் காலிலேயே தெரியும்!

1989ல் அவை வரத் தொடங்கின. 1990 பெங்களூர் விபத்துக்குப் பிறகு எல்லா ஏ320களையும் பல மாதம் தரையில் நிறுத்தினார்கள். அந்த நஷ்டத்திலிருந்து நிமிருவதற்குள், 1994ல் பழைய சட்டத்தை ரத்து செய்து தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் லாபமுள்ள வழித்தடங்களில் நுழைந்தார்கள். நமது விமானிகளையும் பொறியாளர்களையும் அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். 1992-93ல் விமானிகள் வேலை நிறுத்தத்தின்போது உஸ்பெகிஸ்தானிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானம் ஒன்று டில்லியில் இறங்கும்போது நொறுங்கிற்று. நல்லவேளையாக அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

போட்டி வந்த அந்த நாளில்தான் பொதுத்துறைக்குப் புதிய விமானம் மிகவும் தேவைப்பட்டது. கிடைத்ததா? பழைய போயிங் 737-200களை அலையன்ஸ் ஏர் என்ற துணைக் கம்பெனியை 1996ல் தொடங்கி அதன் கையில் தள்ளினார்கள். புதிய விமானங்களைப் பற்றிய பேச்சு 1990களின் நடுவில் தொடங்கிற்று. கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தது. கமிட்டி மேல் கமிட்டி. ஸ்தாபனத்தையே விற்றுவிடலாமா என்ற யோசனை வேறு நடுவே வந்தது. விற்கப்போகிற வீட்டுக்கு எவன் ஓடு மாற்றுவான்? கடைசியில் 43 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது 2006ல். 1986க்கும் 2006க்கும் நடுவே இருபது வருஷம்! அந்த இருபது வருஷத்தில் பிறந்த தனியார் கம்பெனிகள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன.

இருபது வருஷப் பட்டினிக்குப் பிறகு ஒரே வேளையில் விருந்து. அதே சமயத்தில் ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஆக 111 விமானங்கள். பணம் எங்கே? கடன்! மத்தியக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2011ல் பாராளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதை விளக்குகிறது. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு சர்க்கார் போட்ட பங்கு மூலதனம் ரூ.325 கோடி, மற்றதெல்லாம் கடன், வருமானத்திலிருந்து அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்றே ஆதாரம். ஆரம்பத்திலேயே அழிவுக்கு வழி போட்டது இந்த ஏற்பாடு என்று அந்த அறிக்கை கண்டித்தது. 2007ல் இரண்டு ஸ்தாபனங்களையும் இணைத்தார்கள், கடனும் இணைந்தது. அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னோம்.

தனியார் செய்தால் சரியாகிவிடுமா?

"பொதுத்துறை என்றாலே இப்படித்தான், தனியாரிடம் விட்டால் ஒழுங்காகத் திட்டமிடுவார்கள்" என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அனுபவத்தைக் கேட்போம். 1990களில் தோன்றிய ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட் எங்கே? சென்னையிலிருந்து பறந்த என்.இ.பி.சி. எங்கே? கிங்ஃபிஷர் 2012ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது சுமார் 20,000 தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் திவால் மனுப் போட்டது.

இவர்கள் விமானத்தை எப்படிச் சேர்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் ஒரே தடவையில் ஆர்டர் கொடுத்தால் விலை குறையும். குறைந்த விலைக்கு வாங்கிய விமானத்தை, கைக்கு வந்ததும் அயர்லாந்து முதலிய தேசங்களில் இருக்கும் வாடகைக் கம்பெனிக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டு, அதே விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். வீராம்பட்டினத்து மீனவர் படகை விற்றுவிட்டு அதே படகுக்கு மாதவாடகை கொடுப்பதைப் போன்றது இது. கையில் காசு புரளும். ஆனால் மீன் பட்டாலும் படாவிட்டாலும் வாடகை நிற்காது. அந்த வாடகையும் டாலரில். ரூபாய் விழுந்தால் வாடகை ஏறும்.

விமானம் கட்டுகிறவர்களோ உலகத்தில் இரண்டே பேர் என்று சொல்லலாம். சீனாவின் சி919 2023 மே மாதத்தில் பயணிகளை ஏற்றத் தொடங்கியிருந்தாலும், ஏகபோகத்தை உடைக்க இன்னும் வெகு தூரம் போக வேண்டும். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஒப்பந்தம் அறிவித்தது. அதே வருஷம் ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அமெரிக்க ஜனாதிபதியும் பிரெஞ்சு ஜனாதிபதியும் வாழ்த்துக் கூறினார்கள். கூறாமல் என்ன செய்வார்கள்? வேலை அவர்கள் தேசத்துத் தொழிற்சாலைக்கு. வாடகைச் சுமை நமக்கு.

யந்திரத்திலோ பிராட் அண்டு விட்னி என்ற ஒரு கம்பெனி. அது தயாரித்த பாகங்களின் உலோகப் பொடியில் கலப்படம் இருந்தது 2023ல் வெளிப்பட்டு, உலகமெங்கும் நூற்றுக்கணக்கான புதிய விமானங்கள் தரையில் நின்றன. இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கு மேல் நின்றன. தன் விமானங்களில் பாதி இந்தக் கம்பெனியின் யந்திரத்தால்தான் முடங்கின என்று கோ ஃபர்ஸ்ட் கூறிற்று. யந்திரக் கம்பெனி அதை மறுத்தது. யார் சொன்னது சரியானாலும் சம்பளம் இழந்தவர்கள் தொழிலாளர்களே.

2025 டிசம்பர் தொடக்கத்தில் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டும் என்ற புதிய விதி அமலுக்கு வந்தபோது, உள்நாட்டுப் பயணிகளில் பாதிப் பேருக்கு மேல் சுமந்த இண்டிகோவிடம் போதிய விமானிகள் ஆயத்தமாக இல்லை. சில நாட்களில் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. கலியாணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். உடனே சர்க்கார் என்ன செய்தது? அந்த ஓய்வு விதியின் சில பகுதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்தது! ஐந்நூறு விமானம் வாங்கத் திட்டம் இருந்தது. அவற்றை ஓட்டுகிற மனிதன் தூங்குவதற்குத் திட்டம் இல்லை.

நமது ஊர் ஓடுபாதை

இப்போது நமது வாசலுக்கு வருவோம். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். இவ்வளவு நேரம் பேசிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. விசிறி சுழலும் சிறிய விமானம்தான் வர முடியும். நீட்ட வேண்டுமானால் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிலம் வேண்டும். 2013ல் ஒரு கம்பெனி வந்தது; மறு வருஷம் போயிற்று. 2015ல் பொதுத்துறை அலையன்ஸ் ஏர் வந்தது. சில மாதத்தில் நின்றது. 2017ல் மானியத் திட்டத்தில் மறுபடி வந்த சேவை 2024ல் நின்றது. 2024 டிசம்பர் 20ந் தேதி இண்டிகோவின் சிறிய விமானம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஓடத் தொடங்கியது.

ஏன் இந்த வருவதும் போவதும்? ஏனென்றால் எந்தக் கம்பெனியின் திட்டத்திலும் புதுச்சேரி ஓர் ஊராக இல்லை. மிஞ்சிய விமானம் இருந்தால் அனுப்புவார்கள். வேறு தடத்தில் கூடுதல் லாபம் தெரிந்தால் எடுத்துக்கொள்வார்கள். பாரிஸிலிருக்கும் மகளைப் பார்க்கப் போகிற தாயார் இன்றும் 150 கிலோ மீட்டர் கடந்து மீனம்பாக்கத்துக்குத்தான் போகிறார். நான்கு சக்கரக் காலோடு விமானம் வாங்கிய சிந்தனைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நமது சுயவிமர்சனம்

கடைசியாக, நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30ந் தேதி இந்த மண்ணில் பன்னிரண்டு ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்கு இரையானார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலை கிடைத்தது. அந்தப் பரம்பரையில் வந்த நாம், போனஸைக் கேட்டோம், பஞ்சப்படியைக் கேட்டோம்; கேட்டது சரியே. ஆனால், "இந்த வருஷம் தேய்மானத்துக்கு எவ்வளவு ஒதுக்கினாய்? எந்தத் தறியை மாற்றப் போகிறாய்?" என்று அதே உரத்த குரலில் கேட்டோமா? யந்திரம் நிர்வாகத்தின் விஷயம் என்று விட்டுவிட்டோம். விமானத் துறையிலும் விமானி, பொறியாளர், தரைத் தொழிலாளி என்று சங்கங்கள் தனித்தனியே நின்று தத்தம் சம்பளத்துக்குப் போராடின. இருபது வருஷமாகக் கோப்பு நகராமல் கிடந்ததைக் கண்டித்து எல்லாரும் சேர்ந்து ஒரு நாளாவது எழுந்தார்களா? யந்திரம் கிழடானால் முதலில் வெளியே போகிறவன் தொழிலாளி. ஆகவே யந்திரத்தின் வயது தொழிலாளியின் விஷயம்.

இந்தப் பாடத்திலிருந்து நாம் கோருவன நான்கு.

ஒன்று: அலையன்ஸ் ஏர் இன்னும் மத்திய சர்க்காரிடமே இருக்கிறது. சிறிய ஊர்களுக்கான பொதுத்துறை விமானப் போக்குவரத்துக்கு அதுவே மிஞ்சியிருக்கும் விதை. எந்த வருஷம் எத்தனை விமானத்தை மாற்றுவது, பணம் எங்கிருந்து வரும் என்ற பத்தாண்டுத் திட்டத்தை அதற்கு வகுத்துப் பாராளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். கடனை மட்டும் நம்பாமல் மூலதனமும் போட வேண்டும்.

இரண்டு: விமானப் பாதுகாப்பைப் பரிசோதிக்கும் சர்க்கார் இலாகாவில் அனுமதித்த உத்தியோகங்களில் பாதி அளவு காலியாகக் கிடப்பதாக 2025ல் பாராளுமன்றக் கமிட்டியே சுட்டிக்காட்டிற்று. இவற்றை நிரப்ப வேண்டும். விமானிகளின் ஓய்வு விதியைக் கம்பெனியின் சௌகரியத்துக்காகத் தளர்த்தக் கூடாது.

மூன்று: பிரேஸில் 1969ல் சர்க்கார் ஸ்தாபனமாக எம்ப்ரேயரைத் தொடங்கி, உலகத்துக்கே விமானம் விற்கும் தேசமாயிற்று. கான்பூரில் ஆவ்ரோ கட்டிய நமக்கு அது முடியாத காரியமா? சிறிய ஊர்களுக்கு ஏற்ற விமானத்தைப் பொதுத்துறையிலேயே கட்டும் வேலையை வேகப்படுத்த வேண்டும்.

நான்கு: எந்தத் துறையானாலும் யந்திரத்தை மாற்றும் திட்டத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குக் கணக்கைப் பார்க்கும் உரிமை வேண்டும்.

வாசலில் கேள்வி கேட்ட தோழர் இன்னும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். நாளைக்கு அரைமணி நேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வருகிற பஸ்ஸின் வயது என்ன, அதை எப்போது மாற்றப் போகிறார்கள், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று டெப்போவில் கேட்டு வரட்டும். பதில் கிடைத்தால் அடுத்த வகுப்பில் சொல்லட்டும். கிடைக்காவிட்டால் எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்போம்.